குவிந்தால் போதுமா?

கேள்வி: கோடிக்கணக்கானவர்களின் தரவுகள் சேர்ந்துவிட்ட பிறகு விஞ்ஞானி எதற்கு? கணினியே விடை சொல்லிவிடாதா? நம் விவரங்களைக் கொடுப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: இந்த நம்பிக்கையில்தான் 2008-இல் கூகுள், காய்ச்சல் இருமல் என்று இணையத்தில் தேடுகிறவர்களை வைத்து அமெரிக்காவில் ஃப்ளூ பரவுவதைக் கணிக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லாரும் மெச்சினார்கள். 2012-13 குளிர்காலத்தில் கணிப்பு, அரசுக் கணக்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிட்டது. படுக்கையில் கிடந்து தேடியவர் யார், செய்தி படித்துப் பயந்து தேடியவர் யார் என்று அந்தக் குவியலுக்கு எப்படித் தெரியும்? 2015-இல் கடையைக் கட்டினார்கள்.

அமெரிக்கா எதற்கு, உங்கள் செம்பூருக்கே வருகிறேன். 2020 ஜூலையில் கொரோனா எண்ணிக்கை நாள்தோறும் வந்து குவிந்தது. பரிசோதனைக்குப் போனவர்கள் மட்டுமே அதில் ஏறினார்கள். அப்போது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், மாநகராட்சி, நிதி ஆயோக் மூன்றும் சேர்ந்து செம்பூர், மாட்டுங்கா, தகிசர் வார்டுகளில் ஆட்களை முறையாகத் தேர்ந்து ரத்தம் எடுத்துப் பார்த்தன. மொத்தமே 7,000 பேருக்கும் குறைவு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மற்ற இடங்களில் 16. பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை. தினசரிக் கணக்கை எத்தனை மாதம் புரட்டினாலும் இது கிடைத்திருக்காது. யாரிடம் போய்க் கேட்பது என்று யோசிக்க ஆள் வேண்டியிருந்தது, ஐயா.

குவியல் வீண் என்று சொல்ல வரவில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரலை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபலே கிடைத்தது. ஆனால் அது பாடம் படித்தது, 1971 முதல் ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சேர்த்த புரதத் தரவு வங்கியில். சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் கண்டறிந்த ரைபோசோமின் (உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் கருவி) வடிவமும் அங்கே இருக்கிறது.

என்ன குறைந்துவிடும் என்கிறீர்கள். மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கும்போது, தள்ளுபடிக்காகக் கைப்பேசி எண்ணை மடமடவென்று ஒப்பிக்கிறோம். சம்பந்தி வீட்டாரிடம் மறைத்த நோய் கடைக் கணினியில் ஏறிவிடுகிறது. அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று பில்லில் அச்சடிப்பதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்காக வழக்குப் போட்டபோது ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி எண்பதைத் தாண்டியிருந்தார். நமக்கு ஒரு கேள்வி கேட்கக்கூடச் சோம்பல். அடுத்த மாதம் கடைக்காரர் எண்ணைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.