பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயும் பாட்டியின் கைப்பையும்: பழைய தோல் பைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் எனக்குக் கடிதங்கள் இரட்டிப்பாகும். மழைக்குப் பயந்து பீரோவைத் திறந்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். நாற்பதுக்கு மேல் வந்தவற்றில் ஒரே கேள்வியைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். படம் அனுப்பாதவர்கள் பதில் வரவில்லையே என்று கோபப்பட வேண்டாம்.

கே: அம்மாவின் கறுப்பு ஹேண்ட்பேக்கை இரண்டு வருடம் கழித்து எடுத்தேன். முழுக்க வெள்ளை பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. — வாசகி, நாகப்பட்டினம்

ப: வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சணம் இல்லை. ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் பத்து வினாடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால், தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே வந்து உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. மறையாமல் பஞ்சுபோல நின்று மண்வாடையும் அடித்தால் பூஞ்சணம்தான். அப்படியானால் மொட்டைமாடியில், நிழலில், மூக்கைக் கட்டிக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அடுத்த பூஞ்சணம் உங்கள் பட்டுப் புடவையில். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒருமுறை துடையுங்கள். லைனிங்கையும் வெளியே இழுத்துத் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அடிப்பக்க மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பத்து நாளில் திரும்ப வருவதற்குக் காரணம் பை இல்லை, பீரோ. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். உங்கள் ஊர்க் கடல்காற்றில் அது வருடம் பூராவும் நடக்கிற சங்கதி. பையைச் சுற்றியிருக்கும் பாலிதீன் உறையைத் தூக்கி எறியுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத தட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்று விடுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

கே: என் பையில் கறை படிந்திருக்கிறது. எப்படிப் போக்குவது? — வாசகர், ஊர் எழுதவில்லை

ப: எந்தப் பை, என்ன நிறம், என்ன கறை, எப்போது பட்டது? ஜோசியரிடம் போனால்கூட ராசி, நட்சத்திரம் கேட்பார்.

கே: பாட்டியின் பழுப்பு நிறத் தோல் பை விறைப்பாக இருந்தது. வீடியோ ஒன்றைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். முதல் நாள் புதுப் பை மாதிரி மின்னியது. இப்போது திட்டுத்திட்டாகக் கறுத்து ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. இன்னொரு முறை தடவினால் சமமாகிவிடுமா? — வாசகி, பொள்ளாச்சி

ப: அம்மா, பாட்டிலை முதலில் கீழே வையுங்கள்.

என் பட்டறைக்கு வருகிற பழைய பைகளில் பாதி, யாரும் கவனிக்காமல் கிடந்ததால் கெட்டவை இல்லை. யாரோ ஆசையாக எதையோ தடவிக் கெடுத்தவை. அந்த "எதையோ" பத்துக்கு ஏழு முறை தேங்காய் எண்ணெய். நமக்கு அது தலைக்கும் ஆகும், சமையலுக்கும் ஆகும், கதவுக் கீலுக்கும் ஆகும். அதனால் தோலுக்கும் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது.

பதனிடும்போதே தோல் ஆலையில் எண்ணெயைத் தண்ணீரோடு பால்போலக் கலக்கி, டிரம்மில் போட்டுச் சுற்றி, நாருக்கு நார் ஏற்றுகிறார்கள். அந்த நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் பை வளைகிறது. நீங்கள் மேலிருந்து கையால் தடவுவது அப்படிச் சீராகப் போகாது. எங்கே தோல் தளர்ந்திருக்கிறதோ அங்கே அதிகம் குடிக்கும், இறுகிய இடத்தில் நிற்கும். உங்கள் திட்டு அதுதான். இரண்டாம் முறை தடவினால் திட்டு பெரிதாகும், சமமாகாது.

அடுத்தது, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் பாட்டிலுக்குள் கட்டியாவதைப் பார்க்கிறீர்களே, அதுவேதான் பைக்குள்ளும் நடக்கிறது. அப்போது மேலே வெள்ளை பூக்கும். "ஐயா, பூஞ்சணம்" என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும். ஈரம் சேர்ந்தால் எண்ணெய் காறும். நீங்கள் சொல்லும் வாடை அந்தச் சிக்கு வாடை. அது உள்ளே இறங்கிப் பருத்தி நூலை நனைக்கும், ஒட்டிய பசையை விடுவிக்கும். பின்னால் யாராவது நிறம் பூசிச் சரிசெய்ய நினைத்தாலும் பெயின்ட் பிடிக்காது. எலி வந்து கடித்த பையையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் பைக்கு நானே தடவியிருக்கிறேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பைக்கு வாங்கிய கூலியைப்போல ஐந்து மடங்கு அந்தப் புடவைக்குக் கொடுத்தேன்.

இப்போது செய்ய வேண்டியது: சோள மாவைப் பைமேல் கனமாகத் தூவி, ஒரு நாள் விட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். நாலைந்து முறை செய்தால் மேலாக இருக்கும் எண்ணெய் வரும். உள்ளே போனது போனதுதான். நிறம் பழையபடி திரும்பாது. பை முழுவதும் மெல்லக் கறுத்து ஓரளவு சமமாக வாய்ப்புண்டு. வாடைக்கு நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

கே: நல்லெண்ணெய் தடவலாமா? விளக்கெண்ணெய்? — மூன்று பேர்

ப: கூடாது. கடுகெண்ணெயும் கூடாது. தோலுக்கென்று விற்கும் கண்டிஷனர், பட்டாணி அளவு, துணியில் எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை. இரண்டு முறை என்றாலே அதிகம்.

கே: பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சையாக மெழுகுபோலச் சேர்ந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? — வாசகி, கும்பகோணம்

ப: குத்துவிளக்குக்குப் புளி, பைக்கு வேண்டாம். அமிலம் தோலில் இறங்கினால் வளையமாகக் கறை விழும். தோலில் இருக்கும் கொழுப்பமிலமும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாகும் ஒருவகைச் சோப்பு அந்தப் பச்சை. எண்ணெய் தடவிய பைகளில் அதிகம் வரும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் தடவியிருப்பீர்கள். ஈர்க்குச்சி முனையால் சுரண்டி எடுங்கள். தென்னையிலிருந்து பைக்கு ஆகிற ஒரே பொருள் அதுதான். மிச்சத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒயிட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானைத் தொட்டு, தோலில் படாமல் துடையுங்கள்.

கே: 1970-களில் கல்கத்தாவிலிருந்து அப்பா வாங்கி வந்த சாந்திநிகேதன் பை. பூ வேலைப்பாடு மங்கிவிட்டது. ஓரத்தில் பின்னியிருக்கும் தோல் வாரும் அறுந்திருக்கிறது. — வாசகி, மதுரை

ப: நல்ல பை, நல்ல கேள்வி, நாலு படமும் அனுப்பியிருக்கிறீர்கள். வாழ்க.

வங்காளத்தில் சாந்திநிகேதனுக்குப் பக்கத்திலேயே தாகூர் 1922-ல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் வளர்ந்த கைவேலை இது. அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் பட்டை பதனிட்ட ஆட்டுத்தோல். அதற்கு ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர்; ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு நம் பக்கத்து ஊர்களில் காலங்காலமாகச் செய்துவரும் சரக்கு. உங்கள் பை வங்காளத்துக்குப் போய் மதுரைக்குத் திரும்பிய தமிழ்நாட்டுத் தோலாகவே இருக்கலாம்.

இந்தத் தோலை ஈரமாக்கி, அச்சுவைத்து அழுத்தித்தான் பூவை எழுப்புகிறார்கள். ஆகவே தண்ணீரில் நனைத்தால் பூ படுத்துவிடும். சாயமும் மேலோட்டமானது, ஸ்பிரிட் பட்டால் பஞ்சோடு வந்துவிடும். மேலே பூஞ்சணத்துக்குச் சொன்ன ஆல்கஹால் கலவையை இந்தப் பைமேல் கொண்டுபோகாதீர்கள். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், நிறமில்லா மெழுகைத் துளி தடவித் தேயுங்கள், அவ்வளவுதான். மங்கிய சிவப்பின்மேல் புதுச் சாயம் ஏற்றச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐம்பது வருடத்து மங்கல் அந்தப் பைக்கு அழகு.

அறுந்த வாருக்குச் சென்னை பெரியமேட்டில் 3 மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் வார் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழைய துளை வழியாகவே கோத்து வாங்கினால் போதும். புதுத் துளை போடுகிறேன் என்பவரிடம் பையைக் கொடுக்காதீர்கள்.

கே: கொள்ளுப்பாட்டியின் பை, நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். தொட்டால் கையில் செந்தூள் ஒட்டுகிறது. எண்ணெய் போட்டால் நிற்குமா? — வாசகர், யாழ்ப்பாணம்

ப: போட்டால் கறுத்துக் களிம்பாகும். தண்ணீரும் படக்கூடாது, பட்ட இடம் கறுத்து இறுகிவிடும். இதை ரெட் ராட் என்பார்கள். பட்டை பதனிட்ட தோல், காற்றில் இருக்கும் கந்தகப் புகையை வாங்கி, உள்ளுக்குள் அமிலமாக்கிக்கொண்டு நார் நாராக உதிர்வது. நிலக்கரியும் காஸ் விளக்கும் எரிந்த காலத்துப் பைகளிலும் புத்தக அட்டைகளிலும் இது சகஜம். 1900-களின் தொடக்கத்தில் லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு அமைத்து, புத்தக அட்டைத் தோல்கள் ஏன் உதிர்கின்றன என்று ஆராய்ந்தது. அதில் மிக மோசம் என்று பெயர் வாங்கியது எது தெரியுமா? நம் ஆவாரம் பட்டை போட்ட தோல்தான். ஈ.ஐ. லெதரைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. செருப்புக்கும் பைக்கும் நாற்பது, ஐம்பது வருடம் தாராளமாக வரும். நூற்றாண்டு கேட்டால் திணறும்.

போன உயிர் வராது. உதிர்வதை நிறுத்தலாம். க்ளூசல் ஜி என்ற பொடியை ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு என்று கரைத்துப் பூசுவார்கள். வீட்டில் முயலாதீர்கள், பழைய ஏடு, புத்தகம் பாதுகாப்பவர்களிடம் கொடுங்கள். அதற்குப்பின் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம், தோளில் மாட்ட முடியாது.

கே: 90-களில் வாங்கிய "சுத்தமான லெதர்" பை தோல் தோலாக உரிகிறது. எந்தக் கிரீம் போடலாம்? — வாசகி, கோயம்புத்தூர்

ப: உரிவது தோல் இல்லை, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் படலம் தானே சிதையும். உள்பைகள் பிசுபிசுவென்று ஒட்டுவதும் இதே வியாதிதான். விலை உயர்ந்த பைகளின் லைனிங்கிலும் வரும். லைனிங் என்றால் பிரித்துப் புதிதாகப் போடலாம். மேல்பக்கம் என்றால் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பையை விட்டுவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் இருக்கும் மகள் 1980-களின் கோச் கம்பெனிப் பை ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கினாள். வாளித் தண்ணீரில் முக்கி அலசலாம் என்கிறாள். எனக்கு நெஞ்சு பதறுகிறது. — வாசகி, சென்னை

ப: மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1941-ல் மன்ஹாட்டனில் சிறு பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது. அந்தக் காலத்துப் பைகள் பல கனமான மாட்டுத்தோல், லைனிங் கிடையாது, உள்ளே அட்டையும் கிடையாது. அதனால்தான் முக்கினாலும் பிழைக்கின்றன. ஆனாலும் நான் முக்க மாட்டேன். முழுப் பையும் ஒரே சீராக அழுக்கேறியிருந்தால் மட்டும் கடைசி வழியாகச் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீர், காரமில்லாத சோப்பு இரண்டு துளி, பத்து நிமிடம். பிறகு வெள்ளைத் துண்டை உள்ளே திணித்து வடிவம் பிடித்து நிழலில் நாலைந்து நாள். சோப்புத்தூள், துணி சோப்பு, சமையல் சோடா எதுவும் கூடாது. தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உள்ளது. காரம் பட்டால் எண்ணெயும் பதனும் சேர்ந்து கழன்று வரும்.

லைனிங் போட்ட பை, அட்டை வைத்துத் தைத்த பை, மொசுமொசுவென்று இருக்கும் ஸ்வேட் தோல், பாம்புத்தோல், சாந்திநிகேதன் எதையும் வாளிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இந்தப் பத்தியைப் பாதி படித்துவிட்டு யாராவது முக்கப் போகிறீர்கள் என்று தெரியும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத மாட்டேன்.

கே: அத்தையின் பாம்புத்தோல் பர்ஸை விற்றால் என்ன விலை போகும்? — வாசகர், திருச்சி

ப: விற்காதீர்கள். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வைத்துக்கொள்வது பற்றியும் வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அந்த வேலை எடுப்பதில்லை.

கே: பால்பாயின்ட் பேனா மசி. நெயில் பாலிஷ் ரிமூவரில் துடைத்தேன். மசி போய்விட்டது, நிறமும் போய்விட்டது. — வாசகி, சேலம்

ப: போகத்தான் செய்யும். அசிட்டோன் மேல்பூச்சைக் கரைக்கும். மூலையில் சோதித்திருந்தால் ஒரு பொட்டு அளவில் நின்றிருக்கும். இனி அந்தப் பக்கத்துக்கு முழுவதும் நிறம் ஏற்றுவதுதான் வழி. ஷூ பாலிஷ் வேண்டாம்; கை, புடவை எல்லாவற்றிலும் ஒட்டும்.

கே: கைப்பிடி மட்டும் கறுத்துப் பிசுபிசுக்கிறது. — ஐந்தாறு பேர்

ப: வியர்வை, கை கிரீம், தலைக்கு எண்ணெய் வைத்த கை. காரமில்லாத கிளீனரின் நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடையுங்கள், பாதி போகும். பட்டை பதனிட்ட தோலில் மீதி நிரந்தரம். வெடிப்பு விட்டிருந்தால் அதே கனத்தில் புதுக் கைப்பிடி போடுங்கள், பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வெடிப்பைச் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை என் பட்டறையில் காபி கொடுக்காமல் அனுப்புகிறேன். அந்தப் பசை கல்லாக இறுகும். பக்கத்தில் புதிதாக உடையும்.

கே: பையில் அந்துருண்டை வாடை போகவே இல்லை. செண்ட் அடிக்கலாமா? — வாசகி, வேலூர்

ப: திறந்து நிழலில் மாதக்கணக்கில் காற்றாட விடுங்கள். அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். செண்ட் அடித்தால் அந்துருண்டையும் மல்லிகையும் சேர்ந்து மணக்கும். அந்தப் பையோடு லிஃப்டில் ஏறாதீர்கள்.