45 செ.மீ. வாய்க்கால் போதுமா? வாட்டத்தைப் பார்த்துச் சொல்லலாம்

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் தெருவில் 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் கான்கிரீட் மழைநீர் வடிகால் வரப்போகிறது. தெரு நீளம் 200 மீட்டர். முனையில் ரோட்டுக்குக் குறுக்கே 300 மி.மீ. குழாய் பதித்து ஊருணியில் விடுவார்களாம். ஐப்பசி மழைக்குத் தாங்குமா?"

வாய்க்கால் ஒருவேளை தாங்கலாம். அந்தக் குழாய் தாங்காது.

முதலில் வரத்து. வடிகிற பரப்பை ஹெக்டேரிலும், மழை வேகத்தை மணிக்கு மி.மீ. கணக்கிலும் எடுத்து, வழிந்தோடும் பங்கையும் சேர்த்துப் பெருக்கி, 360ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். பரப்பில்தான் நம் பக்கம் ஒரு சிக்கல். செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முற்றத்துத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வருகிறது என்பதை வரைபடம் சொல்லாது; மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் தெருவுக்கு 2 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுக் கூரையும் சிமெண்டுத் தரையும் பெரும்பகுதியை வழிய விடும், திறந்த செம்மண் பாதிக்கு மேல் குடித்துவிடும். சராசரியாக 0.7 எடுக்கலாம். மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் வரத்து நொடிக்குச் சுமார் 233 லிட்டர்.

இந்த 60 ஒரு மாதிரி எண்தான். எஸ்டிமேட்டில் எந்த மழை என்று கேளுங்கள். ஒரு நாள் மழையை 24ஆல் வகுத்த எண் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறிய தெருவை நிறைப்பது பத்து, பதினைந்து நிமிடக் கொட்டு. மத்திய அரசின் 2019 மழைநீர் வடிகால் கையேடு, பெருநகரம் அல்லாத ஊர்களின் மையப் பகுதிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையையும், மற்ற பகுதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையையும் எடுக்கச் சொல்கிறது. அதாவது விதிப்படி கட்டிய வாய்க்காலும் பெரிய மழையில் சில நேரம் வழியத்தான் செய்யும்.

இனி வாட்டம், அதாவது வாய்க்கால் அடியின் சரிவு. மேலே 15 செ.மீ. விட்டு 45 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடுவதாக மேனிங் சூத்திரத்தில் (வாய்க்காலின் அளவு, சரிவு, சொரசொரப்பை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடும் வழி) போட்டுப் பார்த்தேன். 500க்கு 1 வாட்டத்தில், அதாவது 500 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கத்தில், நொடிக்கு 170 லிட்டர்தான் போகும். 250க்கு 1 என்றால் 240 போகும், உங்கள் வரத்துக்கு மட்டுமட்டாய்ச் சரி. ஆனால் 200 மீட்டரில் 80 செ.மீ. இறக்கம் வேண்டுமே, தெரு இடம் கொடுக்குமா? தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் வைத்து மேஸ்திரி அரை நாளில் சொல்லிவிடுவார். இல்லையென்றால் 500க்கு 1 வாட்டத்திலேயே அகலத்தை 60 செ.மீ. ஆக்குங்கள், 255 லிட்டர் போகும். 1000க்கு 1 என்று படுத்துவிட்டால் அளவும் குறையும், வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போய் மண்ணும் படியும். அடியில் 15 செ.மீ. மண் நின்றாலே கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அதனால் மூடி ஸ்லாப்பைக் கையால் தூக்கக்கூடிய துண்டுகளாகப் போடச் சொல்லுங்கள்.

300 மி.மீ. குழாய் 250க்கு 1 வாட்டத்தில் நிறைந்து ஓடினாலும் 60 லிட்டர்தான், வரத்தில் கால்வாசி. 450 போட்டாலும் 180. 600 மி.மீ. கேளுங்கள், லாரி போகிற ரோடு என்பதால் என்பி3 அல்லது என்பி4 ரகம் (கனமான வண்டிப் பாரம் தாங்கும் கான்கிரீட் குழாய்).

கடைசியாக, குழாயின் அடிமட்டம் ஊருணியின் நிறைநீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் கார்த்திகையில் ஊருணி நிறைந்ததும் தண்ணீர் வாய்க்காலிலேயே எதிர்த்து நிற்கும். வீட்டுக் கழிவுநீரை யாரும் இதில் இணைக்காமலிருக்க, கட்டும்போதே தெருவாசிகள் கூடி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அப்புறம் இடிக்கச் சொன்னால் யாரும் இடிக்க மாட்டார்கள்.