கேளுங்க, சொல்றோம்: காசுக்கு ஆள் இறக்கிய கிகியோங்கா

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கிடக்கும்போது எங்க ஊரில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும். இந்த வருஷம் காசு கொடுத்து வெளியூர்ப் பையன்களை இறக்கலாமா என்று டீமுக்குள் சண்டை. அப்படி இறக்கி உருப்பட்ட டீம் ஏதாவது உண்டா? – ஒரு வாசகர், பாம்பன்

பதில்: நிறைய உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது உருப்படாத டீமைப் பற்றி. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்று ஓர் ஊர். நியூயார்க், பிலடெல்பியா பக்கத்தில் வைத்தால் சுண்டைக்காய். அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயர் கிகியோங்கா. 1871-இல் முதல் தொழில்முறை லீக் ஆரம்பித்தபோது 10 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி இவர்களும் சேர்ந்துகொண்டார்கள், முக்கியமான ஆட்டக்காரர்கள் சிலர் பால்டிமோரிலிருந்து வந்தவர்கள்.

மே 4 அன்று லீக்கின் முதல் ஆட்டமே இவர்கள் ஊரில்தான், எதிரில் கிளீவ்லாந்து அணி. அவர்களின் முதல் பேட்டர் டீக்கன் ஒயிட் ஒரே அடியில் இரண்டாவது பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று) போய்விட்டார். அடுத்தவர் தூக்கி அடித்த பந்தை கிகியோங்காவின் டாம் கேரி பிடித்தார், பந்து பிடிபட்டால் ஓடுபவர் தன் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும்; ஒயிட் பேஸை விட்டு நகர்ந்திருந்ததால் அவரையும் கேரியே சேர்த்து அவுட்டாக்கினார். கடைசியில் 2-0 என்று கிகியோங்கா ஜெயித்தது. அணிக்குப் பத்து, இருபது ரன் சர்வசாதாரணமாக விழுந்த காலத்தில் 2-0!

அப்புறம்தான் வினை. 7 வெற்றி, 12 தோல்வி; சீசன் நடுவிலேயே சிலர் கழன்றுகொண்டார்கள், ஆகஸ்ட்டோடு அணியே கலைந்தது. உங்க பையன்களை இறக்குங்க, தப்பில்லை. ஃபைனல் வரை இருப்பார்களா என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்க.

கேள்வி: அந்தக் காலத்தில் கையுறை உண்டா? – ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பெரும்பாலும் வெறுங்கைதான். பந்தையும் இன்றுபோல் மேலிருந்து வீச முடியாது, கையை இடுப்புக்குக் கீழே வைத்து 45 அடி தூரத்திலிருந்து போட வேண்டும், அதிலும் மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். பவுலர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

கேள்வி: அந்த முதல் ஆட்டத்தில் பந்து வீசியது யார்? – ஒரு வாசகர், தொண்டி

பதில்: பாபி மேத்யூஸ். பால்டிமோர்க்காரர், அப்போது வயது 19, குள்ளமான உருவம். கிகியோங்கா போன பிறகும் பல அணிகளுக்கு வீசி மொத்தம் 297 வெற்றி எடுத்தார் (பேஸ்பாலில் ஜெயித்த ஆட்டத்தைப் பந்து வீசியவர் கணக்கிலும் எழுதுவார்கள்). இத்தனைக்கும் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று ஜெயித்து 300-ஐத் தொட்டிருந்தால் எப்போதோ கொடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி.