பிரசவகால உடல்நலத்துக்கும் பெண்ணின் வருமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

"பிரசவம் சில மாத விஷயம்தானே, அது எப்படி ஒரு பெண்ணின் பொருளாதார நிலையை மாற்றும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவம் முடிந்துவிடும். உடம்பு அவ்வளவு சீக்கிரம் விடாது.

ரத்தசோகையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டின்படி, கர்ப்பிணிகளில் சுமார் 37 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும். கொஞ்சம் வேலை செய்தாலே மூச்சு வாங்கும். செய்த அளவுக்குத்தான் கூலி என்ற வேலையில் இருப்பவருக்குக் களைப்பு என்பது நேரடியாகப் பண இழப்பு. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் இது இன்னும் நீளும்.

ஃபிஸ்டுலா இதைவிடக் கொடுமை. பிரசவம் தடைபட்டு நீண்டுபோவதால், பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஓட்டை விழும் காயம் இது. சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் கசியும். வேலை போவதோடு, சொந்த வீட்டாரே ஒதுக்கிவைப்பதும் உண்டு. இத்தனைக்கும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய ஒன்று!

சரி, உடல் நன்றாக இருந்தால் போதுமா? போதாது. ஒரே தொழிலில் இருக்கும் ஆண், பெண் வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகுதான் உருவாகிறது என்று காட்டியவர், 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு கேட்கிறது. ஆனால் முறைசாரா வேலைகளில் இருக்கும் பெண்களில் பலருக்கு நடைமுறையில் அது எட்டுவதே இல்லை. உடம்பு தேறுவதற்குள் வேலைக்குத் திரும்புகிறார்கள், அல்லது வேலையையே விட்டுவிடுகிறார்கள்.