வாசகர் கேள்வி – பதில்: கருமருந்து ரிவால்வர்களின் அலங்கார நகல்கள்

கேள்வி: பழங்காலக் கருமருந்து (பழைய வகை வெடிமருந்து) ரிவால்வர்களின் அலங்கார நகல்களைச் சேகரிக்கத் தொடங்க விரும்புகிறேன். விற்பனைப் பட்டியல்களில் 1847, 1851, 1858, 1873 என்று ஆண்டுகளைக் குறிப்பிட்டுப் பல மாதிரிகள் வருகின்றன. முதலில் எதை வாங்குவது?

பதில்: தயங்காமல் 1851 ஆம் ஆண்டின் கோல்ட் நேவி மாதிரியை வாங்குங்கள். சாமுவேல் கோல்ட் 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற, சுழலும் சிலிண்டர் (குண்டு அறைகள் கொண்ட உருளை) ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை வெளியிலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான மாதிரி இல்லை. அக்காலத்தில் சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே இழுத்து இறுக்கி, பின்புறத்து முனையில் கேப் எனப்படும் சிறு செப்பு மூடியைப் பொருத்துவார்கள். நல்ல நகலில் அந்த நெம்புகோல் உண்மையாகவே கீழிறங்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் சிலிண்டர் ஆறில் ஒரு பங்கு சுழன்று நிற்கும். இவ்விரண்டும் அசையாத வெறும் வார்ப்பை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மெருகு சற்று மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை, இயக்கம் இருக்க வேண்டும்.

நேவியின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி ஓடுகிறது. 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை காம்பெச்சே அருகே மெக்சிகோவின் கப்பல்களோடு மோதிய போர் அது. பணத்தாள்களுக்கு அச்சுத்தகடு செதுக்கிய வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி வடித்த காட்சியை, எஃகு உருளையால் அழுத்திச் சிலிண்டரில் பதித்தார்கள். நகலை வாங்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, சிலிண்டரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். பாய்மரங்களும் கயிறுகளும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அச்சைக் கருத்தோடு எடுத்திருக்கிறார்கள். கப்பல்கள் வெறும் மேடுகளாகக் குழம்பிக் கிடந்தால், அந்தத் தொழிற்சாலை மற்ற இடங்களிலும் அவ்வளவு அக்கறைதான் காட்டியிருக்கும்.

இரண்டாவதாக 1858 எனப்படும் ரெமிங்டனை வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். 1858 செப்டம்பர் 14 என்ற காப்புரிமை நாள் குழலில் பொறிக்கப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்ததே தவிர, உற்பத்தி 1860களில்தான் தொடங்கியது. கோல்ட்டில் சிலிண்டருக்கு மேலே எதுவும் இல்லை. குழலையும், சட்டம் எனப்படும் துப்பாக்கியின் உடற்பகுதியையும் ஒரு சிறிய ஆப்புதான் பிணைத்து வைத்திருக்கிறது. ரெமிங்டனில் சிலிண்டருக்கு மேலும் சட்டம் ஓடி, நான்கு புறமும் மூடிய ஒரே உறுதியான கட்டாக நிற்கிறது. இந்த வேறுபாட்டை எத்தனை படங்களில் பார்த்தாலும் மனத்தில் படியாது. இரண்டையும் இரு கைகளில் ஏந்தும்போது ஒரு நொடியில் விளங்கிவிடும்.

1847 ஆம் ஆண்டின் வாக்கர் சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்ட, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள பெரிய துப்பாக்கி. இடமும் பணமும் இருந்தால் பிறகு வாங்கலாம். 1873 மாதிரியோ உலோகத் தோட்டாவுக்கு உரியது. அந்தத் தோட்டாவிலும் கருமருந்துதான் இருந்தது என்றாலும், அறைக்கு அறை கையால் மருந்து நிரப்பும் முறை அதில் இல்லை. ஆகவே உங்கள் வரிசையில் அதைச் சேர்க்காமல் விடுவதே பொருத்தம்.

கேள்வி: பித்தளைச் சட்டம் கொண்ட ஒரு ரிவால்வரை, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து அசல் என்று சொல்லி எனக்கு விற்றார்கள். குழலின் அடியில் நீளவாக்கில் மெல்லிய கோடு தெரிகிறது. காந்தம் எங்கும் ஒட்டவில்லை. இது அசலா?

பதில்: அசல் அன்று. உங்கள் இரண்டு அடையாளங்களுமே அதற்குப் போதும். தென் மாநிலங்களில் எஃகுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் நிறுவனம் பித்தளைச் சட்டத்தில் சுமார் 3,700 ரிவால்வர்களைச் செய்தது உண்மை. ஆனால் அவற்றின் குழலும் சிலிண்டரும் இரும்புதான். பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பதால் சட்டத்தை விட்டுவிட்டு, குழலிலும் சிலிண்டரிலும் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. அங்கும் ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. நீங்கள் காணும் கோடு, வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம்.

சுடக்கூடிய நகலும் அன்று. இத்தாலியின் பிரேஷா மாகாணத்தில் உபெர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் செய்யும் சுடும் நகல்கள் எஃகுக் குழல் உடையவை. கருமருந்தைக் குறிக்கும் பி.என். என்ற எழுத்துகளும் அவற்றின் மேல் ஒரு நட்சத்திரமும் கொண்ட சோதனை முத்திரை அவற்றில் இருக்கும். உங்களிடம் இருப்பது, ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் 1966 இல் தொடங்கிய டெனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் சுவரில் மாட்டுவதற்காகவே செய்யும் வகை.

நானும் சேகரிக்கத் தொடங்கிய புதிதில் இதே போன்ற ஒன்றை அசல் என்று நம்பி வாங்கினேன். பணம் போனதைவிட, கைப்பிடியின் தேய்மானம் அரத்தால் செய்யப்பட்டது என்று பின்னர் தெரிந்ததுதான் அதிகம் வலித்தது. பிடித்துப் பழகிய மரம் உள்ளங்கை படும் இடத்தில் வழவழப்பாகத் தேயும். நான் வாங்கியதிலோ ஒரே திசையில் கீறல்கள் இருந்தன. நகல் நகலாகவே விற்கப்படும்போது எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆகவே உங்களுடையதைத் தூக்கி எறியாதீர்கள். விலையைத் திரும்பக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் நகல் என்று எழுதி வைத்துப் பாதுகாத்துக் கொள்ளுங்கள்.

கேள்வி: அலங்கார நகலைச் சுடும்படி மாற்ற முடியுமா? உரிமம் வேண்டுமா?

பதில்: முடியாது, முயலவும் கூடாது. துத்தநாகக் கலவை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கையிலேயே சிதறும். அத்தகைய மாற்றம் பல நாடுகளில் கடுங்குற்றமும் ஆகும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் போலித் துப்பாக்கிகளுக்கு ஆரஞ்சு நிற முனை வேண்டும் என்ற விதி, 1898 க்கு முந்தைய வடிவங்களின் சுடாத சேகரிப்பு நகல்களுக்குப் பொருந்தாது. பிரிட்டன் அந்த எல்லையை 1870 என்று வைத்திருக்கிறது. ஜப்பானில் உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழலை அடைத்து, வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும். வாங்கும் முன் உங்கள் நாட்டு விதியைக் காவல்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே மூடிய பெட்டியில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு அது நகல் என்று தெரியாது.

கேள்வி: பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ஒரு நகலில் நுண்ணிய விரிசல்கள் படர்கின்றன. கீழே விழவில்லை. எப்படித் தடுப்பது?

பதில்: துத்தநாக வார்ப்பில் கலந்த ஈயம் போன்ற மாசு, ஈரப்பதத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும் நோய் இது. இதைத் தவிர்ப்பதற்காகவே 1920களின் இறுதியில் மிகத் தூய துத்தநாகத்தில் சாமாக் என்னும் கலவையை உருவாக்கினார்கள்; கவனமாகச் செய்த இன்றைய நகல்களுக்கு இந்த அச்சம் குறைவு. விரிசல் விட்டதை மீட்க வழியில்லை. உலர்ந்த இடத்தில் வைத்து, சுத்தியலை இழுக்காமல் விட்டால் நீண்ட நாள் நிற்கும். மற்ற நகல்களையும் மென்மையான உலர்துணியால் மட்டும் துடையுங்கள்; பித்தளைக்குப் போடும் பாலிஷ், மெல்லிய மேற்பூச்சை ஒரே தேய்ப்பில் எடுத்துவிடும். திருகுகளை அடிக்கடி கழற்றினால் மென்மையான உலோகத்தில் மரைகள் தேய்ந்து, பிறகு இறுகவே இறுகா.