சிறுநகரங்களும் வட்டாரச் சமநிலை வளர்ச்சியும்: கேள்வி பதில்

பொருளியல் மாணவி ஒருவர்: சமநிலை வளர்ச்சி என்றால் எல்லா வட்டாரங்களும் ஒரே அளவில் வளர வேண்டும் என்று பொருளா? அதில் சிறுநகரத்திற்கு என்ன வேலை?

அப்படிப் பொருள் கொண்டால் அது எந்த நாட்டிலும் நடவாது. நீர்வளமும் கனிமமும் துறைமுகமும் எங்கும் ஒரே சீராக அமைவதில்லை, உற்பத்தியும் அவ்வாறே. ஒருவர் எந்த வட்டாரத்தில் பிறந்தார் என்பதே அவருக்குக் கிடைக்கும் கல்வியையும் மருத்துவத்தையும் வேலையையும் தீர்மானித்துவிடக் கூடாது என்பதுதான் சமநிலை என்னும் கோரிக்கையின் நியாயமான பொருள். ஆனால் எல்லாச் சேவைகளையும் ஒவ்வோர் ஊரிலும் வைக்க இயலாது. ஆயிரம் பேர் வாழும் ஊரில் தொடக்கப் பள்ளி நடக்கும். அறுவை சிகிச்சைக் கூடம் நடக்காது. ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் தென் ஜெர்மனியை ஆராய்ந்து 1933-இல் முன்வைத்த மைய இடக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது: ஒவ்வொரு சேவையும் நிலைத்து நிற்பதற்குக் குறைந்தபட்ச மக்கள்தொகை ஒன்று தேவை, அச்சேவையை நாடி மக்கள் பயணம் செய்ய ஒப்பும் தொலைவுக்கும் எல்லை உண்டு. இவ்விரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும் இடங்களில்தான் சிறுநகரங்கள் உருவாகின்றன. சமவெளியையும் சீரான மக்கள் பரவலையும் எடுகோளாகக் கொண்டு, ஒவ்வொரு நகரத்தின் சேவைப் பரப்பையும் அறுகோணமாகக் காட்டும் அவருடைய வரைபடத்தை அப்படியே நிலத்தில் இறக்க முயல்வது வேறு விஷயம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றொரு வாசகர்: எத்தனை பேர் வாழ்ந்தால் அது சிறுநகரம்?

நாட்டுக்கு நாடு வரையறை மாறும். ஐக்கிய நாடுகள் அவை 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நகரங்களில் இருந்தார்கள். ஒரு கோடியைத் தாண்டிய மாநகரங்களில் வாழ்ந்தவர்கள் எட்டில் ஒரு பங்கினர் மட்டுமே. மக்கள்தொகையைவிட, சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்நகரம் என்னென்ன பணிகளைச் செய்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்வேன்.

தொழில்முனைவோர் ஒருவர்: பெருநகரங்களில்தான் உற்பத்தித்திறன் அதிகம். முதலீட்டைச் சிறுநகரங்களுக்குச் சிதறடிப்பது வீண் அல்லவா?

உங்கள் முதல் கூற்று சரியானது. திறமையான பணியாளர்களும் உதிரிபாகம் தருவோரும் வாங்குவோரும் ஓரிடத்தில் திரளும்போது செலவு குறைகிறது, புதிய உத்திகள் விரைவில் பரவுகின்றன. ஆனால் அந்த ஆதாயம் ஏழைகளைச் சென்றடையும் வழி எது என்பது தனிக் கேள்வி. தான்சானியாவின் ககேரா வட்டாரத்தில் 1991 முதல் 2010 வரை ஒரே மக்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்று உண்டு. வறுமையிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேளாண்மையை விட்டுக் கிராமப்புறத்துப் பிற தொழில்களுக்கோ சிறுநகரங்களுக்கோ மாறியவர்கள். பெருநகரத்துக்குச் சென்று மீண்டவர்கள் ஏழில் ஒருவர்தான். பெருநகரத்துக்குப் போனவர்களின் நுகர்வு தனித்தனியே பார்த்தால் கூடுதலாகவே உயர்ந்தது; ஆனால் அவ்வாறு போக முடிந்தவர்கள் சிலரே. படிப்போ சேமிப்போ அங்கே தெரிந்தவரோ இல்லாத ஒருவர் தொலைதூர மாநகரத்தில் வாடகை கொடுத்துக் காலூன்றுவது கடினம். அருகிலுள்ள சிறுநகரத்துக்கோ அவர் காலையில் சென்று மாலையில் திரும்பலாம், நிலத்தையும் கைவிடாமல் வைத்துக்கொள்ளலாம், வேலை அமையாவிட்டால் பெரிய இழப்பின்றி ஊர் திரும்பலாம். எனவே பெருநகரமா சிறுநகரமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாதமாக இதை நடத்துவதே தவறு என்று கருதுகிறேன். இரண்டும் வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு வாயில்களைத் திறக்கின்றன.

ஓய்வுபெற்ற பொறியாளர்: பின்தங்கிய வட்டாரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையை நிறுவினால் மற்றவை தாமாக வளராவா?

இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரான்சுவா பெரூ 1950களில் வளர்ச்சி முனை, அதாவது மற்றத் தொழில்களையும் தன்னோடு இழுத்து வளர்க்கும் முன்னணித் தொழில், என்னும் கருத்தை முன்வைத்தபோது, தொழில்களுக்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலைத்தான் மனத்தில் கொண்டிருந்தார். திட்டமிடுவோரே அதை வரைபடத்தில் வைக்கும் புள்ளியாக மாற்றினார்கள். தென் இத்தாலியில் 1960களில் தாரந்தோ நகரில் எழுந்த மாபெரும் எஃகு ஆலை பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது உண்மை. ஆயினும் அதைச் சுற்றி எதிர்பார்த்த அளவுக்குச் சிறுதொழில்கள் முளைக்கவில்லை. இயந்திரமும் மூலப்பொருளும் வெளியிலிருந்து வந்தன, எஃகும் வெளியே போயிற்று. இத்தகைய ஆலைகளைப் 'பாலைவனத்துப் பேராலயங்கள்' என்று இத்தாலியர்களே கேலி செய்தார்கள்.

அதே நாட்டின் நடுப்பகுதியிலும் வடகிழக்கிலும் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. பிராத்தோவில் துணி நெசவும் சசுவோலோவில் ஓடு தயாரிப்பும் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களின் கைகளில் வளர்ந்தன. ஒருவர் நூலுக்குச் சாயம் ஏற்றுவார், இன்னொருவர் நெய்வார், மூன்றாமவர் இயந்திரம் பழுதுபார்ப்பார். போட்டியும் கடனுதவியும் தொழிற்பயிற்சியும் ஒரே ஊருக்குள் சுழன்றன. இரண்டையும் வேறுபடுத்துவது பணத்தின் போக்கு: ஊதியமும் இலாபமும் ஊருக்குள் எத்தனை கைகள் மாறிய பிறகு வெளியேறுகின்றன என்பதைப் பாருங்கள். ஆனால் ஏற்கெனவே கைத்திறனும் வணிகப் பழக்கமும் இல்லாத ஊரில், அரசாணை ஒன்றால் பிராத்தோவை உருவாக்கிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போக்குவரத்துத் துறையில் பணிபுரியும் ஒருவர்: நல்ல நெடுஞ்சாலை அமைத்தால் சிறுநகரம் வளருமா?

வளரலாம், வறண்டும் போகலாம். சாலை இரு திசையிலும் ஓடுகிறது. ஸ்வீடன் பொருளியலாளர் குன்னர் மிர்தால் 1957-இல் சுட்டியபடி, வளரும் மையம் தன்னைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு வளர்ச்சியைப் பரப்புவதும் உண்டு. அங்குள்ள மூலதனத்தையும் இளைஞர்களையும் தன்பால் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. தொலைவே அரணாக இருந்த உள்ளூர்ப் பட்டறை, மலிவான பெருநகரப் பொருள் வந்து இறங்கியதும் மூடப்படலாம். ஆகையால் கிராமங்களைச் சிறுநகரத்தோடு இணைக்கும் சாலைகளும், அந்நகரத்தில் கிடங்கும் குளிர்பதன வசதியும் ஏலக் கூடமும் முதலில் அமைய வேண்டும் என்பேன். விளைபொருளைச் சில நாள் வைத்திருக்க முடிந்தால்தான் விவசாயி விலை பேச முடியும்.

நகராட்சி உறுப்பினர் ஒருவர்: சிறுநகரங்களுக்கென்றே அரசுகள் திட்டங்கள் வகுத்தும் பலன் ஏன் குறைவாக இருக்கிறது?

நிதி கொடுக்கப்படுகிறது, அதிகாரம் கொடுக்கப்படுவதில்லை. முதன்மைக் காரணம் இதுவே. பாரிசின் ஆதிக்கத்தைக் குறைக்கப் பிரான்சு 1964-இல் லியோன், மார்செய், துலூசு உள்ளிட்ட எட்டு ஈடுசெய் மாநகரங்களைத் தேர்ந்தெடுத்தது. அவை வளர்ந்தன, ஆனால் தத்தம் வட்டாரத்தின் சிறிய ஊர்களைப் பாரிசைப் போலவே அவையும் ஈர்க்கக்கூடும் என்ற கவலை எழ, 1970களில் நடுத்தர நகரங்களின் பக்கம் கொள்கை திரும்பியது. உள்ளாட்சிகளுக்குக் கணிசமான அதிகாரம் 1982-இன் பரவலாக்கச் சட்டத்துக்குப் பிறகே கிடைத்தது. சொத்து வரியைத் தானே மதிப்பிட்டு வசூலிக்கவும், நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கவும், ஒரு பொறியாளரையாவது தானே நியமிக்கவும் இயலாத நகராட்சி, கட்டிக் கொடுத்த குடிநீர்த் தொட்டியைக்கூடப் பராமரிக்க முடியாது.

சூழலியல் ஆர்வலர்: தொழிலைப் பரப்பினால் மாசும் பரவாதா?

பரவும். சீனாவில் 1980களில் பெருகிய சிற்றூர்த் தொழில் நிறுவனங்கள் 1990களின் நடுவில் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்தன. அதே காலத்தில் ஹுவாய் ஆறு பாழானது, 1996-இல் அதன் படுகையிலிருந்த சிறு காகித ஆலைகள் பலவற்றை அரசே மூட நேர்ந்தது. சிதறிக் கிடக்கும் சிறு ஆலைகளைக் கண்காணிப்பது கடினம். தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அவற்றுக்கு வசதியும் இருக்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஓரிடத்தில் அவற்றைத் திரட்டுவதற்கு ஏற்ற அளவுடையது சிறுநகரமே.

அதே நகராட்சி உறுப்பினர்: எங்களைப் போன்ற நகராட்சி எங்கிருந்து தொடங்கலாம்?

பிலிப்பைன்சின் பிகோல் ஆற்றுப் படுகையில் 1970களில் வட்டாரத் திட்டமிடல் ஆய்வாளர் டென்னிஸ் ரொண்டினெல்லி முதலியோர் கையாண்ட முறை எளியது, இன்றும் பயன்படுவது. வட்டாரத்தின் ஊர்களை ஒரு பக்கமும், வங்கி, விதைக்கடை, மேல்நிலைப் பள்ளி, பணிமனை, மகப்பேறு மருத்துவமனை போன்ற சேவைகளை மறுபக்கமும் எழுதிக் கட்டங்களை நிரப்புங்கள். பிறகு, ஒவ்வொரு சேவைக்கும் மக்கள் உண்மையில் எங்கே போகிறார்கள் என்று சந்தை நாளில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நகரத்தைக் கடந்து அவர்கள் அப்பால் செல்வது எந்தெந்தச் சேவைக்காக என்பது தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எதை முதலில் சேர்ப்பது என்ற விவாதத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம்.