ஆக்ஸ்ஃபோர்டில் சினிமா படிக்க: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸில் ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படித்தேன். 3 ஆண்டுகளாக ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டராக இருக்கிறேன். கல்யாணம், காவடி, தீமிதி என்று வருவதையெல்லாம் வெட்டிக் கோர்ப்பதுதான் வேலை. காவடி வீடியோவில் சில ஷாட்டுகளை வெட்டினால் பக்தி குறைந்துவிடுகிறது, வெட்டாமல் விட்டால் வீடியோ நகரமாட்டேன் என்கிறது. இது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் சினிமா முதுகலைக்கு விண்ணப்பிக்க ஆசை. 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறேன். அதை எப்படி அனுப்புவது? பரிந்துரைக் கடிதத்தை ஸ்டுடியோ முதலாளியிடம் வாங்கலாமா? நோக்க அறிக்கையை ‘சிறு வயதிலிருந்தே எனக்கு சினிமா என்றால் உயிர்’ என்று தொடங்கியிருக்கிறேன், சரியா? அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். செலவுக்கு என்ன வழி?

கே.

---

அன்புள்ள கே.,

ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குறும்படத்தை அனுப்ப வேண்டியதே இல்லை. அங்கே சினிமாவுக்கென்று இருக்கும் முதுகலைப் படிப்பு ‘ஃபிலிம் ஈஸ்தெட்டிக்ஸ்’, அதாவது திரைப்பட அழகியல். 9 மாதம். கேமரா, விளக்கு, நடிகர்களை இயக்குவது எதுவும் பாடத்தில் கிடையாது. படம் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், விவாதிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், முடிவில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் இருக்கும் ‘ஃபிலிம் அண்ட் ஸ்க்ரீன் ஸ்டடீஸ்’ எம்ஃபில்லும் இதே வகைதான். இயக்குநராகும் கனவோடு இவற்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் நோக்க அறிக்கையின் முதல் பத்தியிலேயே ‘என் படங்களை உலகுக்குக் கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பு என்னவென்றே பார்க்காமல் வந்தவர் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

படம் எடுக்கத்தான் கற்க வேண்டும் என்றால் போக வேண்டிய இடங்கள் வேறு. லண்டனுக்கு வெளியே பீக்கன்ஸ்ஃபீல்டில் நேஷனல் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் ஸ்கூல், பாரிஸில் லா ஃபெமிஸ், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி. கொலம்பியாவில் திரைக்கதை, இயக்கம், தயாரிப்புதான் முதன்மை. மற்ற மூன்றிலும் எடிட்டிங் தனிப் பிரிவாகவே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் உங்கள் 12 நிமிடம் பேசும். அனுப்பும்போது தலைப்பு அட்டை, லோகோ, நன்றி ஸ்லைடு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த வேலையை நீங்கள் செய்தீர்கள், எதை நண்பர் செய்தார் என்று ஒரு வரியில் தெளிவாக எழுதுங்கள். நேர்காணலில் முதலில் தோண்டுவது அதைத்தான்.

ஆனாலும் உங்களை ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போகச் சொல்லவே எனக்கு ஆசை. காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதிய காவடி வரி. வெட்டினால் பக்தி ஏன் குறைகிறது என்பது திரைப்பட அழகியலின் அசல் கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்வியோடு வருபவருக்கு அங்கே இடம் உண்டு.

இந்த விண்ணப்பத்தின் முதுகெலும்பு எழுத்து மாதிரிதான். பொதுவாக இரண்டு கட்டுரை கேட்பார்கள், ஒவ்வொன்றும் 2000 சொல்லுக்குள். படிப்பின் இணையப் பக்கத்தில் அந்த ஆண்டுக்கான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இளங்கலை ஆய்வேட்டிலிருந்து 2000 சொல்லை அப்படியே வெட்டி அனுப்புவதுதான் பலர் செய்யும் பிழை. அந்தத் துண்டில் தொடக்கம் இருக்காது, முடிவு இருக்காது, ‘முந்தைய அத்தியாயத்தில் கண்டதுபோல’ என்ற வரி மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். துண்டைத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், அது எந்த வேலையின் எந்தப் பகுதி என்று மேலே இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் இரண்டையும் புதிதாகவே எழுதலாம், நேரம் இருக்கிறது.

ஒரு கட்டுரை காவடி வீடியோவைப் பற்றியே இருக்கட்டும். எப்படி எழுதுவது என்று ஒரு காட்சியை வைத்துக் காட்டுகிறேன். ஆற்றங்கரையில் அலகு குத்துகிறார்கள். வழக்கமாக எல்லோரும் எழுதுவது இப்படி: ‘இக்காட்சியில் பக்தரின் வலியும் தாயின் துயரமும் மிக அழகாக வெளிப்படுகின்றன.’ இதில் திரையில் என்ன இருந்தது என்பதே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஊசி கன்னத்தைத் தொடும் முன் ஷாட் வெட்டப்படுகிறது. அடுத்த ஷாட்டில் தாயின் முகம், 4 நொடி. மீண்டும் மகனிடம் வரும்போது அலகு ஏறிவிட்டது. குத்திய கணம் படத்தில் எங்கும் இல்லை. மேளச் சத்தம் மூன்று ஷாட்டுகளுக்கும் அடியில் அறுபடாமல் ஓடுவதால், நடுவில் காலம் விழுங்கப்பட்டது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. வலி மகனின் உடலிலிருந்து தாயின் முகத்துக்கு இடம் மாறிவிடுகிறது.’ எடிட்டிங் டைம்லைன் முன்னால் உட்கார்ந்தவரால்தான் இதை எழுத முடியும். ஒலித்தடம் வெட்டுக்கு மேலே ஓடுவதைக் கவனித்து எழுதுகிற விண்ணப்பதாரர்கள் குறைவு.

அடுத்து, அந்தக் கவனிப்பை ஒரு வாதத்தோடு மோதவிடுங்கள். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் ஒரு விதி சொன்னார்: ஒரு நிகழ்ச்சியின் சாரமே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒன்றாக இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது என்றால், அங்கே வெட்டக் கூடாது. ஊசியும் முகமும் ஒரே ஷாட்டில் இருந்தால் நேர்த்திக்கடன் நடந்ததற்கு அந்த ஷாட்டே சாட்சி. வெட்டினால் சாட்சி போய்விடுகிறது, கதை வருகிறது. நீங்கள் சொல்லும் ‘பக்தி குறைவது’ இதுவா? அல்லது வீட்டார் கேட்பது சாட்சியை அல்ல, தாயின் முகத்தைத்தானா? பஸானை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எந்த இடத்தில் அவர் விதி செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று உங்கள் டைம்லைனை வைத்துக் காட்டினால் போதும். அவரைப் பிரெஞ்சிலேயே படியுங்கள். மொரீஷியஸில் பள்ளிக்கூடம் போனவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் கைவசம், வீட்டில் கிரியோல், கோயிலில் தமிழ். திரைப்படக் கோட்பாட்டில் முக்கியமான பல எழுத்துகள் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்பை நம்பாமல் மூலத்தைப் படிக்க முடியும் என்பதை அறிக்கையில் ஒரு வாக்கியமாகவாவது சொல்லுங்கள்.

இரண்டாவது கட்டுரைக்கு வேறு தளம் எடுங்கள். பரவலாக விவாதிக்கப்பட்ட ஒரு படத்தின் ஒரே காட்சி போதும். முழுப் படத்தையும் 2000 சொல்லில் அடக்கப் பார்த்தால் கதைச் சுருக்கம்தான் மிஞ்சும். அல்லது நம் கடற்கரைகளில் எடுக்கப்பட்ட இந்தியப் படப் பாடல்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் மொரீஷியஸ் பெயரில்லாத ஒரு சொர்க்கமாக வந்துபோகிறது. ஃப்ரேமில் தெருப் பலகை இல்லை, கரும்புத் தோட்டத்தில் ஆள் இல்லை. எதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளி அந்தச் சொர்க்கம் உண்டாக்கப்படுகிறது என்பது நல்ல கேள்வி.

நோக்க அறிக்கையின் முதல் வரியை எடுத்துவிடுங்கள். சினிமா உயிர் என்பது விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் உண்மை, ஆகவே அது உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எழுதிய காவடி வரியையே தொடக்கமாக வையுங்கள். அங்கிருந்து, அந்தக் கேள்வியை எந்தப் படங்களிலும் எந்த எழுத்திலும் தொடர்ந்தீர்கள், 9 மாதத்தில் ஆய்வேடாக அதை எப்படி ஆக்க நினைக்கிறீர்கள், அந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று போங்கள். பேராசிரியர் பெயர்களை வரிசையாக அடுக்காதீர்கள். ஒருவரின் கட்டுரை ஒன்றையாவது உண்மையில் படித்திருந்தால் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதலாம். குறும்படத்துக்குத் தன்விவரக் குறிப்பில் ஒரு வரி போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு முதலாளி சரிவரமாட்டார். நீங்கள் நேரத்துக்கு வேலை முடிப்பவர், நல்லவர் என்று எழுதுவார். அவர்கள் கேட்பது நீங்கள் வாதத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பது, அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் கட்டுரையைத் திருத்தியவர்தான். ஆக்ஸ்ஃபோர்டு மூன்று பேரைக் கேட்கிறது. மூவரும் உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களாக இருப்பது நல்லது. படிப்பை முடித்து 3 ஆண்டு ஆகிவிட்டதால் வெறுமனே ‘கடிதம் வேண்டும் சார்’ என்று போய் நிற்காதீர்கள். அவர் மதிப்பெண் போட்ட உங்கள் பழைய கட்டுரை, புதிய எழுத்து மாதிரி, அறிக்கையின் வரைவு மூன்றையும் குறைந்தது 6 வாரத்துக்கு முன்பே கையில் கொடுங்கள். கடிதத்தை நீங்கள் அனுப்ப முடியாது. விண்ணப்பப் படிவத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்ததும் பல்கலைக்கழகமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும், அது ஸ்பாமில் போய்ப் படுத்துக்கொள்வது சாதாரணம். அவருடைய பல்கலைக்கழக முகவரியையே கொடுங்கள், பதிந்த அன்றே போன் செய்து வந்ததா என்று கேளுங்கள். கடைசித் தேதிக்குள் கடிதம் வராவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விண்ணப்பம் குறையாகவே நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல கல்லூரிகள் சேர்ந்த பல்கலைக்கழகம். அவற்றில் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது உங்களைச் சேர்ப்பதா என்ற முடிவைப் பாதிக்காது.

ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்பது உயர்நிலை: ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. நம்மவர்கள் சறுக்குவது எழுத்துப் பிரிவில்தான், 6.5இல் நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண் 2 ஆண்டு செல்லும், ஆகவே இப்போதே எழுதிவிடுங்கள்.

இனி பணம். விண்ணப்பத்தின் நாட்காட்டியைப் பல்கலைக்கழகத்தின் தேதியிலிருந்து அல்ல, உதவித்தொகையின் தேதியிலிருந்து போட வேண்டும். படிப்பின் கடைசித் தேதி டிசம்பரையோ ஜனவரியையோ ஒட்டி வரும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கிலேயே மூடிவிடும். மொரீஷியஸ்காரர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், உங்கள் 3 ஆண்டு முழுநேர வேலை அதற்குத் தாராளம். ஸ்டுடியோ முதலாளியின் கடிதம் இங்கேதான் உதவும். 12 மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு செவனிங் பணம் தராது, அதனால் பீக்கன்ஸ்ஃபீல்டின் 2 ஆண்டுப் படிப்பு அதில் அடங்காது, ஆக்ஸ்ஃபோர்டு அடங்கும். மூன்று படிப்புகளைக் குறிப்பிடச் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டோடு, சேர்க்கை சற்று எளிதான வேறொரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுத் திரைப்படப் படிப்பையும் மூன்றாவதாகப் போடுங்கள். மூன்றையும் எட்டாத உயரத்தில் வைத்தவர்கள், உதவித்தொகை கைக்கு வந்தும் ஜூலைக்குள் சேர்க்கைக் கடிதம் காட்ட முடியாமல் அதை இழக்கிறார்கள். படிப்பு முடிந்து 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பம் கிடையாது. உரிய தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே உங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். முழுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தருவார்கள். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகைக்கு மட்டும் அதே படிவத்தில் கூடுதல் பகுதி ஒன்றும் கூடுதல் பரிந்துரை ஒன்றும் வேண்டும். அதற்கு யாரைக் கேட்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

உதவித்தொகை பாதிதான் கிடைத்து மீதியை அப்பா போடுவதாக இருந்தால், விசாவுக்காக அந்தப் பணம் 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவருடைய ஓய்வூதியப் பணம் நிரந்தர வைப்பில் கிடந்தால், அதை எப்போது எடுக்க முடியும் என்று வங்கியில் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.